மஞ்சள் வளையக்காரி

அந்தக் கோழி முதன்முதலாக வீட்டுக்குள் வந்தபோது, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளைப் போலத்தான் வந்தது. பின்வாசல் படியில் கொஞ்ச நேரம் நின்றது. கழுத்தை ஒருபக்கம் சாய்த்துச் சமையலறையை நோட்டம் விட்டது. தரை பிடித்துவிட்டது போலும். ஒரு காலைத் தூக்கி, யோசித்து, உள்ளே வைத்தது. அடுப்பைப் பார்த்தது, கூடத்தைப் பார்த்தது, மூடியிருந்த படுக்கையறைக் கதவின் முன்னால் நின்று, இந்த அறை யாருக்கு என்று கேட்பது போலத் திரும்பிப் பார்த்தது.

கூடத்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணி அப்போதே எழுந்து அதை விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. மத்தியான வெயில் ஜன்னல் திரையில் வடிகட்டி இறங்கி, அறை முழுக்கத் தேன் நிறத்தில் கிடந்தது. விடியும் முன்பிருந்து பேக்கரியில் நின்ற கால்கள் கல்லாகக் கனத்தன. கோழி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சிறகைப் படபடத்து, அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவளுடைய கணவனின் தங்கை. அந்த வாயால் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அண்ணி என்றது. பேக்கரியில் அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூட அண்ணி என்றுதான் சொன்னார். கணவன் ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே சுவரில் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். நெஞ்சு என்றார்கள். அன்றோடு அவளுடைய தூக்கமும் போயிற்று. இருட்டோடு எழுந்து ரொட்டிக்கு மாவு உருட்டப் போகிறவளுக்கு மத்தியானத் தூக்கம்தான் சோறு. அது இல்லாமல் அவள் தினமும் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். விழித்திருப்பதும் இல்லை, தூங்குவதும் இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவள் மாதிரி.

கோழியின் உடம்பு மனித உடம்பைவிடச் சூடு என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சூடு துணியைக் கடந்து, தொடையைக் கடந்து, எங்கோ எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. கோழி கண்ணின் கீழிமையை மேலே ஏற்றி மூடிக்கொண்டது. அண்ணியும் மூடிக்கொண்டாள்.

கனவில், மூடி வைத்திருந்த மாவு தட்டைத் தள்ளிக்கொண்டு மெல்ல எழுந்தது. மேசையை விட்டு இறங்கி, படியேறி, வீட்டின் அறைகளையெல்லாம் மெத்தென்று நிரப்பியது. யாரும் பயப்படவில்லை. ஜன்னல் வழியாக வழிந்து தெருவைத் தொட்டபோது, தெரு ஓர் ஆறாக இருந்தது. அவள் கண் விழித்தபோது வெயில் சுவர் மாறியிருந்தது. கன்னத்தில் நாற்காலியின் தையல் பதிந்திருந்தது. அத்தனை நேரம் தூங்கியிருக்கிறாள்.

அவசர அவசரமாகக் கோழியைக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டாள். தரையைத் துடைத்தாள், துண்டை உதறினாள், ஜன்னலைத் திறந்து வைத்தாள். குட்டி வேலையிலிருந்து வருவதற்குள் வீடு ஒன்றும் அறியாத பிள்ளை போல இருந்தது.

குட்டி என்றால் அந்தத் தங்கைதான். நாற்பதைத் தாண்டியும் அண்ணன் வைத்த பெயர் போகவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தப்பான டிக்கெட்டோடு வந்தவர் சொந்தச் சித்தப்பா என்று தெரிந்தும் அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு சித்தி நலமா என்று விசாரித்தவள். அண்ணன் போன பிறகு, இந்த வீட்டில் யார் இருப்பது யார் போவது என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே பெட்டியில் இடம் கிடைத்த இரண்டு பயணிகளைப் போல, ஒருவர் மூட்டை மேல் ஒருவர் கால் படாமல், மரியாதையாக இருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் உண்டு.

அண்ணன் இறந்த அடுத்த வருடம் குட்டி ஐந்து கோழிகளைக் கொண்டு வந்து கொல்லையில் இறக்கினாள். ஏன் என்று சொல்லவில்லை. நகராட்சி அனுமதி, பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம், எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். ஆறு வரை வளர்க்கலாம் என்றது நகராட்சி. ஒன்று குறைவாக இருந்தால் யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்காது என்று அவள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள். சேவல் கூடாது என்பதால் விற்றவனிடம் ஐந்தும் பெட்டைதான் என்று எழுதி வாங்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கூண்டு எத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டுமோ அதை நாடா பிடித்து அளந்து, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு முழம் நகர்த்தினாள். எலி வரக் கூடாது என்று தீவனத்துக்கு இறுக்கமான மூடி போட்ட தகர டப்பா. எச்சத்துக்குத் தனி வாளி, அதற்கும் மூடி. கொல்லைக்கென்று ரப்பர் காலணி, அது வாசற்படி தாண்டி உள்ளே வராது. குழாயடியில் சோப்பு. நகராட்சி அச்சடித்துக் கொடுத்த விதித்தாளைப் பின்கதவில் ஆணியடித்து மாட்டி, ஓரிடத்தில் சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தாள். கோழிகளைச் சமையலறைக்குள்ளும் மனிதர்கள் வசிக்கும் அறைகளுக்குள்ளும் விடக் கூடாது. முகத்தருகே வைத்துக் கொஞ்சக் கூடாது.

“கொஞ்சுறதுக்கு இங்க யாரு இருக்கா?” என்று அப்போது அண்ணி கேட்டிருந்தாள். ஒரு மனிதன் போன இடத்தில் ஐந்து கோழியா என்று அவளுக்கு உள்ளுக்குள் கசப்பு. கோழிகளுக்குப் பெயர் வைக்கவும் குட்டி விடவில்லை. பெயர் வைத்தால் சட்டம் தளர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, ஆளுக்கொரு நிறத்தில் காலில் வளையம் மாட்டியிருந்தாள். மடியில் ஏறியது மஞ்சள் வளையக்காரி.

அதன் பிறகு மத்தியானங்கள் வேறாகிப் போயின. அண்ணி வேலை முடிந்து வருவாள், கை கால் கழுவுவாள், கூண்டின் கதவைத் திறப்பாள். மற்ற நான்கும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். மஞ்சள் வளையக்காரி மட்டும் நேரமாயிற்று என்பது போலப் படியேறி வரும். அண்ணி பேக்கரியிலிருந்து கொண்டு வந்த ரொட்டியில் தனக்கு ஒரு துண்டு பிய்த்து, அதற்கு ஒரு துண்டு பிய்த்து, இரண்டையும் ஒரே கையால் கொடுத்தும் தின்றும் முடிப்பதற்குள் கண் சொக்கும். கனவுகள் அவசரமில்லாமல் வந்தன. ஒரு நாள், வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இறங்கிப் போகும் படிக்கட்டு. இன்னொரு நாள், கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் தாமாக இறங்கி, கைகோத்துத் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தன. ஒரு கனவில் அவள் ஒரு முட்டைக்குள் இருந்தாள். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி வந்தது. வெளியே யாரோ விரலால் தட்டி, வசதியாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இருக்கிறது என்றாள்.

கணவன் மட்டும் எந்தக் கனவிலும் வரவில்லை. ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் வருவான் என்று பார்த்தாள்.

பேக்கரியில் அவள் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்து, மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பினாள். பின்கதவைத் திறக்கும்போது சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் திறக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் காலை, மாவு உருட்டிக்கொண்டிருக்கும்போதே முதுகில் குளிர் ஏறியது. அடுப்பு பக்கத்தில் எரிய, பல் கிட்டியது. வயிற்றை யாரோ ஈரத்துணி போலப் பிழிந்தார்கள். முதலாளி அவளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் எழுந்து நிற்கவே தெம்பில்லை. குட்டி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

காய்ச்சல் அவளை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு அலைந்தது. நீண்ட ரயில் ஒன்று நிலையமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இருக்கைகளில் எல்லாம் கோழிகள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி அடக்கமாக உட்கார்ந்திருந்தன. குட்டி சீருடையில் வந்து ஒவ்வொன்றிடமும் டிக்கெட் கேட்டாள். ஒவ்வொன்றும் சிறகுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டியது. அண்ணி மட்டும் மடியைத் தடவினாள், பையைத் தடவினாள், இல்லை. குட்டி எதிரே வந்து நின்றாள். கோபப்படவில்லை. அபராதமும் போடவில்லை. அண்ணியின் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அது கனவா, நிஜமாகவே கட்டில் ஓரத்தில் குட்டி உட்கார்ந்திருந்தாளா என்று அண்ணிக்குக் கடைசி வரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக உதட்டில் வந்துகொண்டே இருந்தது. அது மட்டும் நிஜம்.

தேறி வீட்டுக்கு வந்தபோது அவள் பாதியாகியிருந்தாள். பரிசோதனையில் வயிற்றில் கண்ட கிருமி, கோழியின் எச்சத்திலும் முட்டையிலும் இருக்கக்கூடியது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டுப் பொருளில் கை வைக்கிற வேலை என்பதால் தகவல் நகராட்சிக்கும் போயிற்று. கிருமி நீங்கிவிட்டது என்று தெரியும்வரை பேக்கரிப் பக்கம் போகக் கூடாது. இரண்டு நாளில் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். வாசலிலேயே காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, முதலில் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். டப்பா மூடியை இழுத்துப் பார்த்தார். கூண்டின் தூரத்தைத் தன் நாடாவால் அளந்தார். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு ஒழுங்காகக் கோழி வளர்க்கிற வீட்டை, தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்ததில்லை என்றார். அப்படியென்றால் கிருமி இங்கிருந்து வந்திருக்க வழியில்லை. பேக்கரியில் உடைக்கிற முட்டையில்தான் ஏதோ இருக்க வேண்டும். சோதனை முடியும்வரை பேக்கரியை மூடச் சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கினார்.

அண்ணியின் கண் முன்னால் முதலாளியின் முகம் வந்தது, கூட வேலை செய்கிறவர்கள் முகம் வந்தது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் குட்டி பேசிவிட்டாள்.

“கோழிய வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நான்தான். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். குட்டி நிமிர்ந்து, சீருடை போட்டிருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் மேசையின் மரக்கோடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

“அவ சொல்றது பொய்ங்க,” என்றாள் அண்ணி. “நான்தான். தினம் மத்தியானம் உள்ள விடுவேன். மடியில வெச்சுக்குவேன். அந்தக் கையாலயே ரொட்டியும் தின்னேன்.”

“அண்ணி, நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு உடம்பு சரியில்ல.”

“உடம்புதான் சரியில்ல குட்டி. புத்தி நல்லாத்தான் இருக்கு.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் போற வீட்டுல எல்லாம் யாரும் செய்யலைன்னுதான் சொல்வாங்க. ரெண்டு பேரும் செஞ்சேன்னு சொல்றது இதான் முதல் தடவ,” என்றார். எந்தக் கோழி என்று கேட்டார். குட்டி சிவப்பு வளையம் என்றாள். அண்ணி மஞ்சள் என்றாள். சரி, வாருங்கள் என்று அவர் எழுந்துபோய், பின்கதவை அகலத் திறந்து வைத்து, கூண்டின் கொக்கியை விடுவித்தார்.

ஐந்தும் வெளியே வந்தன. நான்கு மண்ணுக்குப் போயின. மஞ்சள் வளையக்காரி நேராகப் படியேறியது, ஆய்வாளரின் பிளாஸ்டிக் உறையை மதிக்காமல் தாண்டியது, சமையலறையைக் கடந்து கூடத்துக்குப் போயிற்று, நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கே ஆளைக் காணோம் என்று கொக்கரித்தது. அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை.

ஆய்வாளர் கண்டிப்பாகத்தான் பேசினார், ஆனால் நோகப் பேசவில்லை. கோழி பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும், கிருமி அதன் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். அது கோழியின் குற்றமில்லை. வெளியே இருக்கிற வரைக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற வரைக்கும் ஒன்றுமில்லை என்றார். எச்சத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அதில் அதே கிருமி இருந்தால் பேக்கரி மேல் விழுந்த சந்தேகம் விலகிவிடும். முடிவு வரும்வரை முட்டையை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டிலும் நன்றாக வேக வைக்காமல் தொட வேண்டாம், நாற்காலி உறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள் என்றார். கோழிகளை என்ன செய்வது என்று குட்டி மெல்லக் கேட்டாள். வளர்க்க அனுமதி இருக்கிறதே, வளருங்கள் என்று சொல்லிவிட்டுக் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பையில் சுருட்டிக்கொண்டு போனார்.

வாசல் கதவைச் சாத்தியாயிற்று. குட்டி வாளியில் தண்ணீரும் கிருமிநாசினியும் கலந்து கூடத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்ப்பில் கோபம் இருந்தது. தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசினாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒரு நாள் ரயில் ரத்தாயிடுச்சு, சீக்கிரம் வந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். கோழி மடியில இருக்கு, நீங்க வாயத் தொறந்து தூங்கிட்டு இருக்கீங்க. அண்ணன் போனதுக்கப்புறம் நீங்க அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. உள்ள வந்தா எழுப்பிடுவேனேன்னு திரும்பி ஸ்டேஷனுக்கே போய் பெஞ்சுல உக்காந்துட்டு, வழக்கமா வர நேரத்துக்கு வந்தேன்.” துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். “அன்னிக்கே உள்ள வந்து சத்தம் போட்டிருக்கணும். போட்டிருந்தா உங்களுக்கு இந்த நோவு வந்திருக்காது.”

அண்ணி எழுந்தாள். போய் அவள் பக்கத்தில் தரையில் உட்காரப் போனாள். ஈரம், உட்காராதீர்கள் என்று குட்டி அதட்டினாள். அதட்டிய வாயோடே அழுதாள்.

“அண்ணனும் போயி, நீங்களும் போயிருந்தா, இந்த வீட்டுல நான் யாருக்குச் சட்டம் போடுறது?”

ஈரத்தைப் பார்க்காமல் அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

சோதனை முடிவு வந்தபோது கிருமி கோழியுடையதுதான் என்று ஆயிற்று. பேக்கரிக்கு ஆபத்தில்லை. முதலாளியிடம் அண்ணியே நேரில் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்கின் மேல் விரல் வைத்தார், பிறகு கொஞ்சம் திட்டினார். உடம்பு சுத்தமாகிவிட்டது என்ற தாள் வந்த பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் வெந்த ரொட்டியைத் தொடுகிற பக்கம் இனி அவளுக்கு இடமில்லை. மாவுப் பக்கத்தோடு சரி, அங்கே என்ன ஆனாலும் அடுப்பு பார்த்துக்கொள்ளும் என்றார்.

தூக்கம் மறுபடி போய்விட்டிருந்தது. ஒரு விடுமுறை நாளில் குட்டி எங்கிருந்தோ மடக்குகிற துணி நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூண்டுக்கு முன்னால் கம்பிவலை போட்ட இடத்தில், மரநிழல் விழுகிற மூலையாகப் பார்த்து விரித்தாள். பழைய மழைக்கோட்டு ஒன்று, ரப்பர் காலணி ஒன்று, மடியில் போடத் தடித்த துணி ஒன்று. நாற்காலிக்கும் குழாய்க்கும் நடுவே எத்தனை அடி என்றுகூட யோசித்திருப்பாள். வெளியே உட்காருவதை எந்த விதியும் தடுக்கவில்லை, நான் படித்துப் பார்த்துவிட்டேன் என்றாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது, ரொட்டி கிடையாது, எழுந்தவுடன் நேராகக் குழாயடி.

மஞ்சள் வளையக்காரிக்கு முதலில் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பல நாள் முறைத்துக்கொண்டு கதவோரமாகவே நின்றது. பிறகு ஒரு மத்தியானம், வேறு வழியில்லை என்பது போல மடியில் ஏறியது. இலைகளுக்கு நடுவே வெயில் காசு காசாக உதிர்ந்து அசைந்தது. கோழிகள் மண்ணில் குளிக்கிற சத்தம் தூரத்தில் யாரோ புத்தகம் புரட்டுவது போலக் கேட்டது. அண்ணி தூங்கினாள்.

குட்டிக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில் அவளும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரப் பழகினாள். அப்படி ஒரு நாள், இந்தக் கோழியை வைத்துக்கொண்டு என்னதான் கனவு காண்கிறீர்கள் என்று கேட்டாள். அண்ணி மாவைச் சொன்னாள், ஆற்றைச் சொன்னாள், நடந்து போன துணிகளைச் சொன்னாள். தயங்கிவிட்டு, உன் அண்ணன்தான் ஒரு நாளும் வரவில்லை என்றாள்.

குட்டி முக்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“என் கனவுல வர்றாரு,” என்றாள். “அடிக்கடி. எங்கிட்ட ஒண்ணும் பேச மாட்டாரு. சாவி எங்க, சாவி எங்கன்னு வீடு பூரா தேடுவாரு.”

“என்ன சாவி?”

“அது அவருக்கே தெரியல. உயிரோட இருந்தப்போ மட்டும் தெரிஞ்சுதா?”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அவன் தினமும் காலையில் சட்டைப் பையைத் தட்டி, மேசையைத் தட்டி, இவள் தலையணையைக்கூடத் தூக்கிப் பார்த்த காட்சி கண் முன்னால் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. மடி குலுங்கியதில் கோழி கோபித்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. அடுத்த தடவை வந்தால், அலமாரி மேல் தட்டில் பார்க்கச் சொல், அங்கேதான் வைப்பார் என்று அண்ணி சொன்னாள். சொல்கிறேன் என்றாள் குட்டி.

தொலைதூர ரயிலில் இரவும் பகலும் சேர்த்து வேலை பார்த்துவிட்டு அன்றுதான் வந்திருந்த குட்டி, சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல், வேலிக் கம்பத்தில் தலை சாய்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் மெல்லத் திறந்தது. இறங்கிப் போன மஞ்சள் வளையக்காரி கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவள் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்து, தாவி, அந்த மடிப்பு வைத்து இஸ்திரி போட்ட கால்சட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது. குட்டியோ கையுறை இல்லாமல் கோழியைத் தொடாதவள். அவள் கை தூக்கத்திலேயே எழுந்து அதன் முதுகில் போய்ப் படிந்தது.

எழுப்பலாமா என்று அண்ணி ஒரு நிமிடம் யோசித்தாள். குட்டியின் இமைக்குள் கண் அசைந்துகொண்டிருந்தது. யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருந்தது. அண்ணி சத்தம் போடாமல் எழுந்து, ரப்பர் காலணி மண்ணில் பதியாதபடி நடந்து போய், குழாயடியில் புதுச் சோப்பைப் பிரித்து வைத்தாள். உலர்ந்த துண்டு ஒன்றையும் கொக்கியில் மாட்டினாள். பிறகு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.